ஒன்றாம் நம்பர் உலை

ஜூன் 9

டாக்டர் நாட்குறிப்பு எழுதச் சொன்னது என் கணவர் ராயப்பனை. ஞாபகத்துக்கு நல்ல பயிற்சி என்றார். ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதியதோடு விட்டுவிட்டார். இன்று என் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் டப்பாவோடு அந்த டைரியும் இருந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

"நேத்து என்ன கொழம்பு வச்சேன்னு தெரிஞ்சி நான் என்ன செய்யப் போறேன்? ஒனக்குத்தான் மண்டைக்குள்ள எதாவது ஓடிக்கிட்டே கெடக்கு. எழுதி எறக்கி வையி" என்றார்.

சரி, இறக்கி வைக்கிறேன். மகள் ஷெரின் என்றைக்காவது படிக்கக்கூடும் என்பதால் அவளுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கிறாள், வேதியியல் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள்.

இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் கல். ஆக்சிஜனைப் பிடுங்கிவிட்டால் இரும்பு. எங்கள் ஆலையின் ஒன்றாம் நம்பர் ஊதுலையில் அதைப் பிடுங்குவது கோக் கரி. பிடுங்கிய ஆக்சிஜனோடு கரி சேர்ந்து கரியமில வாயுவாகி வானத்துக்குப் போகிறது. ஒரு டன் இரும்பு செய்தால் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு. நாங்கள் கட்டியிருக்கும் புதுக் கோபுரத்தில் அந்த வேலையை ஹைட்ரஜன் செய்யும். வெளியே போவது நீராவி. ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க, பக்கத்துக் காற்றாலைகளின் மின்சாரம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஒன்றாம் உலையின் உள்செங்கல் தேய்ந்துவிட்டது. வருகிற டிசம்பருக்குள் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். செங்கலை மாற்றிக் கட்டினால் இன்னும் இருபது வருஷம் கரி. கோபுரம் ஒழுங்காக ஓடிக் காட்டினால் ஒன்றாம் உலையை அணைத்துவிடுவார்கள். ஓட்டிக் காட்டும் பொறுப்பு என்னுடையது.

ஆய்வகப் பெண் ஹாஜிரா கேட்டாள், "மெயின்டனன்ஸ்ல நல்ல வேலைல இருந்தீங்களே மேடம், ஏன் இங்க மாத்தல் கேட்டு வந்தீங்க?"

குவார்ட்டர்ஸ் பெரிது என்றேன்.

ஜூன் 14

கேஸ் சிலிண்டர் வந்தது. பால் கணக்கு தீர்த்தேன். ராயப்பன் சாளை மீன் குழம்பு வைத்தார், உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டார். மூவரும் தயிர் ஊற்றிக்கொண்டோம்.

ஜூன் 21

முதல் இரும்பு!

மேலே கொட்டிய தாது உருண்டைகள், பெல்லட் என்போம், சின்ன நெல்லிக்காய் அளவு, செம்பழுப்பு நிறம். கோபுரத்துக்குள் மெல்ல இறங்கி வரும்போது கீழிருந்து சூடான ஹைட்ரஜன் ஏறுகிறது. உருகுவதில்லை. அதே உருண்டையாகச் சாம்பல் நிறத்தில் வெளியே வருகிறது. கையில் வாங்கினால் ஓட்டையாக, லேசாக இருக்கிறது. ஹாஜிரா ஒன்றை எடுத்துக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியே விட்டாள். ஜி.எம். தேசிகன் சாரே கைதட்டினார்.

புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஆவி போனது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆவிக்கு நன்றி.

ஜூலை 3

கோபுரம் அடைத்துக்கொண்டது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிட்டன. மேலேயிருந்து எதுவும் இறங்கவில்லை.

ஜூலை 4

கட்டி.

ஜூலை 11

குளிரவைத்து, நைட்ரஜன் அடித்து, காற்று விட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஆட்கள் கடப்பாரையால் உடைத்து எடுத்தார்கள். ஒரு கட்டி குத்துவிளக்கு உயரம். வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன சீனிமிட்டாய் மாதிரி என்று ஹாஜிரா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரி போட்டுச் செய்யும் இரும்பில் கொஞ்சம் கரி மேற்பரப்பில் படியும், அது ஒட்டவிடாமல் காக்கும். சுத்த ஹைட்ரஜனில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் வெப்பத்தைக் கூட்டினேன். அவசரம்.

கான்டீனில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "டவர் படுத்துட்டாம்லா." "நல்லதாப் போச்சி, நம்ம சோலி தப்பிச்சிது."

ஜூலை 19

கேட்டில் தொழிலாளர் கூட்டம். மைக்கில் பேச்சிமுத்து அண்ணாச்சி. ஒன்றாம் உலையின் போர்மேன், சங்கத்தின் செயலாளர். குரல் மெயின் ரோடு வரை கேட்டது.

"சுத்தமான காத்து வேண்டாம்னு எவஞ் சொன்னான்? எம் பேத்தியும் அந்தக் காத்தத்தான் குடிக்கா. ஆனா அந்தப் பர்னஸ வச்சிச் சோறு திங்குற எங்க ஆளுவ எங்க போவாவ? அதுக்கு ஒருத்தராவது பதில் சொன்னாவளா?"

நான் பின்வாசல் வழியாகப் போனேன். அந்தப் பக்கம் ஸ்டோருக்கு ஒரு வேலை இருந்தது.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. கூட்டத்தில் ராயப்பன் வழிதவறிவிடக் கூடாது என்று ஷெரின் அவர் கையை விடவே இல்லை. சின்ன வயதில் அவள் கையை அவர் அப்படிப் பிடித்திருப்பார். இப்போது மாறிவிட்டது, இரண்டு பேரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. எனக்கு இப்படி ஒரு பிள்ளை.

போன வாரம் ஹாஜிரா ஒரு யோசனை சொன்னாள். பெல்லட்டுகள் மேல் மெல்லிசாகச் சுண்ணாம்புப் பூச்சு. சில நாடுகளில் செய்திருக்கிறார்களாம். நம் தாதுக்கு எவ்வளவு தடிமன் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிகமானால் ஹைட்ரஜன் உள்ளே போகாது, குறைந்தால் ஒட்டும். ஆய்வகத்தில் அவள் நாள் முழுக்கச் சின்னச் சின்ன உலைகளில் சுட்டுப் பார்க்கிறாள். முகமெல்லாம் சுண்ணாம்பு.

ஆகஸ்ட் 23

ஓடுகிறது. ஒட்டவில்லை. வெப்பத்தையும் கொஞ்சம் குறைத்தோம், கீழே ஹைட்ரஜனைக் கூட்டினோம். உருண்டைகள் மணல் போலச் சலசலவென்று இறங்குகின்றன.

ஹாஜிராவின் அம்மா காயல்பட்டினத்திலிருந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். கன்ட்ரோல் ரூமில் எல்லோரும் ஸ்பூன் இல்லாமல் கையாலேயே வழித்துச் சாப்பிட்டோம். இவ்வளவு நல்ல ஆட்களோடு வேலை செய்யக் கிடைத்ததே பெரிது.

செப்டம்பர் 12

காலைத் திருப்பலிக்கு மூவரும் போனோம். இன்று எதற்கு என்று ஷெரின் கேட்கவில்லை. அவளுக்குத் தேதி தெரியும்.

எழுதிவிடுகிறேன். ஊதுலையின் உச்சியிலிருந்து வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் ராயப்பன் ஒன்றாம் உலையின் வாயுக் குழாயில் வால்வு பார்க்க ஏறியிருந்தார். எங்கேயோ கசிந்தது. மேல்தட்டிலேயே விழுந்துவிட்டார். முகமூடியோடு வரவேண்டிய மீட்புக் குழு ஆலையின் மறுகோடியில் இருந்தது. பேச்சிமுத்து அண்ணாச்சி காத்திருக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார், தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார், கடைசிப் படியில் அவரும் விழுந்தார். முகமூடி இல்லாமல் ஏறினால் இரண்டு சாவாக முடியும் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தவரே அவர்தான். விதியை மீறியதற்கு அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

ராயப்பன் கண் திறக்க ஒரு வாரமானது. பழையதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. புதியது தங்குவதில்லை. கை நடுக்கம். வேலையைத் தொடர முடியவில்லை. ஆனால் இருக்கிறார். காலையில் காபி போடுகிறார், சில நாள் இரண்டு தடவை.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "இருக்கட்டும் மேடம்" என்றார். அதற்கப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வேலை சரியாக இருக்கிறது.

குவார்ட்டர்ஸ் ஒன்றும் அப்படிப் பெரிதில்லை.

செப்டம்பர் 30

எங்கள் இரும்பை மின்னுலையில் உருக்கி முதல் எஃகு வார்த்தார்கள். பரிசோதனையில் தேறிவிட்டது. ஷெரின் காலாண்டுத் தேர்வில் வேதியியலில் தேறிவிட்டாள். வீட்டில் பாயசம்.

அக்டோபர் 6

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ராயப்பன் இல்லை. செருப்பு இல்லை, போன் மேசை மேல். அறை அறையாகத் தேடினேன். ஷெரின்தான், "பதறாதீங்கம்மா, பேச்சிமுத்து மாமா வீட்லதான் இருப்பாவ" என்றாள், சாதாரணமாக.

"அங்க எதுக்கு?"

"டெய்லி போவாவளே. மாமா ஷிப்ட் முடிச்சி வந்து கூட்டிட்டுப் போவாவ. கேரம் ஆடிட்டு நீங்க வர முன்னாடி கொண்டு விட்டுருவாவ. இன்னிக்கி நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க."

"எத்தன நாளா?"

"ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்தேதான்."

ஷெரினிடம் வழி கேட்டு அந்தத் தெருமுனை வரை போனேன். அண்ணாச்சி வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. ராயப்பனின் சிரிப்புச் சத்தம் கேட்டது, பழைய சிரிப்பு, வயிற்றிலிருந்து வருவது. உள்ளே போகவில்லை. திரும்பி வந்து தோசை மாவு கரைத்தேன்.

வந்ததும் கேட்டேன், "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மறந்துட்டேன் போல" என்றார். இதை மட்டும் அவர் மறந்திருக்க மாட்டார்.

அக்டோபர் 20

தேசிகன் சார் அறைக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். கோபுரம் நன்றாக ஓடுவதைப் பற்றி ரொம்பப் பாராட்டினார். பிறகு சொன்னார்: "புது பிளான்ட்டுக்கு ஒன்றாம் உலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போதும். அதுவும் புதிதாக டிப்ளமோ படித்தவர்களை எடுக்கலாம் என்று போர்டு நினைக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஓட்டுகிற வேலை இல்லையா? கங்கு வாரியவர்களுக்கு அது வராது."

"வரும் சார்" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

"நீங்கள் நவம்பர் கடைசியில் போர்டு முன்னால் தொழில்நுட்பம் தயார் என்று சொன்னால் போதும். மற்றதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்."

அக்டோபர் 21

உடம்பு சரியில்லை என்று லீவு. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். இன்னும் ஆறு மாதம் சோதனை தேவை என்று போர்டிடம் சொல்லலாம். அது பொய்யாகாது. எந்தப் புதுத் தொழில்நுட்பத்துக்கும் இன்னும் ஆறு மாதம் தேவைதான். அதற்குள் செங்கல் மாற்ற ஆள் வந்துவிடுவார்கள். அண்ணாச்சி ரிட்டயர் ஆகும்வரை உலை எரியும்.

சும்மா தோன்றியது. அவ்வளவுதான்.

அக்டோபர் 29

மழை தொடங்கிவிட்டது. துணி காயவில்லை. கோபுரம் நிற்காமல் ஓடுகிறது. இரும்புக் குவியல் ஷெட்டில் ஏறிக்கொண்டே போகிறது. மின்னுலைக்காரர்கள் எடுக்கத் தாமதிக்கிறார்கள்.

நவம்பர் 13

இன்னும் நனைந்த துணிகூட மாற்றவில்லை. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

மதியம் கடலிலிருந்து சூறைக்காற்றோடு மழை. இரும்பு வைத்திருந்த ஷெட்டின் கூரைத் தகடுகள் நாலைந்து பறந்துபோயின. மழை நேராகக் குவியல் மேல் கொட்டியது. நான் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஓடி வந்தபோது குவியலின் நடுவில் ஆவி எழுந்தது. நனைந்தால் அந்த இரும்பு மறுபடி ஆக்சிஜனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கப் பிடிக்கச் சூடேறும். சூடேறிய பிறகு தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். பக்கத்திலேயே எங்கள் ஹைட்ரஜன் குழாய்.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. பையன்கள் குழாயை நீட்டுகிறார்கள்.

"தண்ணி அடிக்காதீங்க! தண்ணி வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே குறுக்கே போய் நின்றேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஹாஜிரா போய்க் குழாயையே பிடித்துக்கொண்டாள். கோபுரத்தை நிறுத்தச் சொன்னேன், ஹைட்ரஜன் வால்வுகளை மூடச் சொன்னேன், அதெல்லாம் நடந்தது. ஆனால் குவியலை என்ன செய்வது? அதைக் கலைத்து மெல்லிசாகப் பரப்ப வேண்டும், உலர்ந்த மணலால் மூட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லோடர். அதன் டிரைவர் ஆவியைப் பார்த்து இறங்கிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்போது ஒன்றாம் உலைப் பக்கமிருந்து லோடர்கள் வரும் சத்தம். முன்னால் ஓடி வந்தது பேச்சிமுத்து அண்ணாச்சி. பின்னால் அவருடைய ஷிப்டு ஆட்கள், முகத்தில் உலைக் கண்ணாடி, கையில் நீள மண்வெட்டி.

"மேடம், என்ன செய்யணும்? சொல்லுங்க."

"கலைக்கணும் அண்ணாச்சி. முழங்கால் அளவுக்குக் கீழ பரப்பணும். எங்க செவக்கோ அங்க மணல். தண்ணி ஒரு சொட்டு கூடாது."

"எங்க இரும்பு எறக்குத தளத்துல காஞ்ச மணல் மல மாதிரி கெடக்கு. ஏலேய் கணேசா, மணல அள்ளிட்டு வா. மத்தவன்லாம் காத்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்கல." என் பக்கம் திரும்பி, "நீங்க தள்ளி நின்னு சொல்லுங்க, நாங்க செய்யுதோம்" என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள். லோடர் குவியலுக்குள் வாயை விட்டு அள்ளும்போது உள்ளே செக்கச் செவேலென்று தெரிந்தது. ஒருமுறை நீலமாகத் தீ நாக்கு ஒன்று எழும்பி அடங்கியது. ஒருவரும் பின்வாங்கவில்லை. அள்ளியதை மூடிய தளத்தில் கொட்டிப் பரப்பினார்கள், மணலைத் தூவினார்கள். தேசிகன் சார் குடை பிடித்தபடி தூரத்தில் நின்றார், பிறகு குடையைப் போட்டுவிட்டுத் தார்ப்பாய் இழுக்க வந்தார். அதையும் எழுத வேண்டும்.

இருட்டுவதற்குள் அடங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. மாதாவே, யாருக்கும் காயமில்லை.

அண்ணாச்சி ஒரு கான்கிரீட் கட்டையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். விடாத இருமல். அந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

"இந்த டவர் படுத்தா ஒங்க உலை தப்பிக்கும்லா அண்ணாச்சி. பிறகு எதுக்கு வந்தீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தீப்பிடிச்சா எவன் உலைன்னு பாத்துட்டா நிப்போம்? உள்ள நம்ம பிள்ளையள்லா நிக்கி."

நவம்பர் 15

அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். ராயப்பன்தான் வழிகாட்டினார். எந்தக் கடையில் நிற்க வேண்டும், எந்தச் சந்தில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. புதியது தங்காது என்று டாக்டர் சொன்னாரே, இந்த வழி தங்கியிருக்கிறது. நடந்து நடந்து.

அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மா அக்கா சுக்குக் காபி கொடுத்தார். கூடத்தில் கேரம் போர்டு. பேச வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் எல்லாம் போய்விட்டது. அழுதுவிட்டேன்.

"என்ன தங்கச்சி இது" என்றார் அண்ணாச்சி. ஆலைக்கு வெளியே அவர் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

"ஒங்க மொகத்தப் பாக்க முடியல அண்ணாச்சி. நீங்க இவிய உயிரத் தந்தீங்க. நான் ஒங்க வேலைய எடுக்கேன். அதான் வரல."

சொல்லிவிட்டேன். இந்த டைரியில்கூட நான் இதை எழுதியிருக்கவில்லை.

அவர் ஸ்ட்ரைக்கரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க எதுக்கு அந்த டவர் கட்டுதியன்னு ராயப்பன் மொதல்லயே சொல்லிட்டாரு. எம் பொண்டாட்டி, 'எம் புருசன் விழுந்த எடத்துல இனி ஒருத்தன் விழக்கூடாது'ன்னு போயிருக்கான்னாரு. அதுல எனக்கு என்ன கோவம்? அந்தக் கேஸக் குடிச்சவன் நானு. அது போகட்டும்னுதான் நானும் சொல்லுதேன். ஆனா எங்கள ஒரு வார்த்த கேக்கலியே. கரி போவுது, சரி. கரியோட சேத்து எங்களையும் கூட்டிப் பெருக்குதாவளே."

நான் அவரிடம் ஒருபோதும் அந்தக் காரணத்தைச் சொன்னதில்லை. ராயப்பனிடமும் சொன்னதில்லை. ராயப்பனைப் பார்த்தேன். அவர் காயை அடித்துக் குழியில் போடுவதில் மும்முரமாக இருந்தார்.

"டவர் ஓட்டக் கத்துக்குவீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"எனக்கு அம்பத்தி நாலு வயசு."

"எனக்கு நாப்பத்தி மூணு. ஜூலைல நானே அத அடைச்சி வச்சேன்."

சிரித்தார், இருமினார். "பயலுவளுக்குச் சொல்லிக் குடுங்க. பொறவு பாப்போம்."

நவம்பர் 24

போர்டுக் கூட்டம். சுருக்கமாக எழுதுகிறேன், ரொம்பக் களைப்பு.

தொழில்நுட்பம் தயார் என்று சொன்னேன். ஆறு மாதம் கேட்கவில்லை. தீயையும் மறைக்கவில்லை, இரும்பை இனி குவித்து வைக்கக் கூடாது, சூடாகவே மின்னுலைக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும் என்றேன். பிறகு, கேட்காத ஒன்றையும் சொன்னேன்.

"நவம்பர் பதிமூன்றாம் தேதி அந்த ஷெட்டில் நின்றவர்கள் ஒன்றாம் உலை ஆட்கள். நான் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்யத் தெரிந்தவர்கள். நெருப்புக்குப் பக்கத்தில் நிதானமாக நிற்கத் தெரிந்தவர்கள். திரையில் ஓட்டுவதை நான் கற்றுத்தருகிறேன். அந்த நிதானத்தை எந்த டிப்ளமோக்காரருக்கும் என்னால் கற்றுத்தர முடியாது. அவர்கள் இல்லாமல் இந்தக் கோபுரத்தை நான் ஓட்ட மாட்டேன்."

தேசிகன் சார் மைக்கை இழுத்தார். "நான் அன்று அங்கே நின்றிருந்தேன். மேடம் சொல்வது சரி" என்றார்.

தேசிகன் சாருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

டிசம்பர் 18

முடிவு வந்துவிட்டது. கோபுரம் நிரந்தரம். ஒன்றாம் உலை பிப்ரவரியில் அணையும். கோபுரத்திலும், ஹைட்ரஜன் பகுதியிலும், மின்னுலையிலும் ஒன்றாம் உலை ஆட்களுக்கே முதல் இடம். பயிற்சிக்காலத்தில் முழுச் சம்பளம்.

எல்லோருக்கும் இடமில்லை. வயதானவர்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களில் சிலரை இரண்டாம் உலைக்கு மாற்றுகிறார்கள், அது இன்னும் கரியில்தான் ஓடும். அன்று மணல் அள்ளி வந்த கணேசனின் அண்ணன், அப்படி மாற்றப்பட்டவர், என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. இரண்டாம் உலையை எப்போது மாற்றுவீர்கள் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஜனவரி 7

புது டைரியை ராயப்பனே கடைக்குப் போய் வாங்கி வந்தார். மீதிச் சில்லறையும் சரியாக இருந்தது.

ஒன்றாம் உலை ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு திரையை முறைக்கிறார்கள். மௌஸைப் பிடிக்கும் பிடியில் அது உடைந்துவிடும் போலிருக்கிறது. ஹாஜிரா பொறுமையாகச் சொல்லித்தருகிறாள். இருபது பேர் ஒரே குரலில் "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள், பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அண்ணாச்சி வரவில்லை. உலை அணையும்வரை அதோடு இருக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

பிப்ரவரி 10

இன்று ஒன்றாம் உலையிலிருந்து கடைசி இரும்பு இறக்கினார்கள். பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். அண்ணாச்சி ஆள் அனுப்பி முன்னால் கூப்பிட்டார். ராயப்பனுக்கும் எனக்கும் ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தார்.

துளையைத் திறந்தார்கள். உருகிய இரும்பு வாய்க்காலில் ஓடியது. வழக்கமாக ஒவ்வொரு முறையும் இரும்பு இறங்கியதும் துளையைக் களிமண்ணால் அடைப்பார்கள், அடுத்த தடவைக்காக. இன்று அடைக்கவில்லை. ஓடி, மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது. அதுவரை யாரும் அசையவில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். வெக்கைதான்.

ராயப்பன் அண்ணாந்து அந்த மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கனதான் விழுந்தேனா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் அண்ணாச்சி. "ரொம்ப ஒயரம்லா" என்றார் ராயப்பன். அண்ணாச்சி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்தார். வாய்க்காலைப் பார்த்தபடியே கேட்டார்:

"நாளைக்கி எத்தன மணிக்கி வரணும் மேடம்?"

"ஆறு மணி ஷிப்ட் அண்ணாச்சி."

"சரி" என்றார்.

பிப்ரவரி 11

ஐந்தரைக்கே கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷமும் கரி படிந்த நீலச் சட்டையில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். இன்று வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத இஸ்திரி. "இங்க அழுக்காகாதுன்னு வீட்ல சொன்னா" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.